சின்ன டிஸ்க்கே போதும்

அம்மிணி, நீ சன்னலோரம் போயிரு. ஆமா, நாந்தான் முன்னாலயே ஏறி எடம் புடிச்சேன், இருந்தாலும் பரவால்ல, போ. பல்லடம் தாண்டிட்டா காத்து மூஞ்சில அடிக்கும், எனக்குத் தலவலி வந்துரும். உனக்கெல்லாம் ஒண்ணும் ஆவாது, சின்னப்புள்ள. பாத்து, பாத்து! அந்தப் பைய மிதிச்சுப்போடாத. குடு இப்படி, மடியிலயே வெச்சுக்கறேன்.

பலகாரம் இல்ல சாமி. கம்ப்யூட்டருக்குள்ள மாட்டற டிஸ்க்கு. ஹார்டு டிஸ்க்குன்னு சொல்றாங்கல்ல, அது. கேம் போட்டு வெக்கறதுக்கு. இதுக்காவத்தான் வெடியால எந்திரிச்சு, ஆட்டுக்குத் தழ ஒடிச்சுப் போட்டு, ஒரு வாய் பழைய சோத்தக் குடிச்சுட்டு, தாராபுரத்துல பஸ் ஏறினேன். இப்பத் திரும்பறேன். காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குது பாரு. இந்த வயசுல எனக்குத் தேவையா இது? பேரனுக்கான்னு கேக்கறயா? பேரன் இன்னும் பொறக்கவே இல்ல. எங்கூட்டுக்காரருக்கு.

சிரிக்காத. கடையிலயும் இப்படித்தான் சிரிச்சாங்க. அறுவது ஆகப்போற மனுசன், ஊட்டு ஆசாரத்துல, நடுக்கூடத்துல மேசையப் போட்டு, அதுமேல கம்ப்யூட்டர வெச்சு, பொழுதுக்கும் பஸ் ஓட்டிட்டிருக்கறாரு. நெசமான பஸ்ஸு இல்ல, கேமு. டிவி மாதிரி அதுல ரோடு ஓடும், இவரு இங்க ஸ்டீரிங்கு புடிப்பாரு. ஸ்டீரிங்கு நெசந்தான். எங்க மேகலா வாங்கிக் குடுத்தா. ஒரே புள்ள, பெங்களூருல கட்டிக்குடுத்திருக்குது. அவ பழைய கம்ப்யூட்டரத்தான் எங்க தலையில கட்டிட்டுப் போயிட்டா. அப்பா சும்மா உக்காந்திருக்கறாரு, பொழுது போகட்டும்மான்னு. அவருக்குப் பொழுது போகுது. எனக்குல்ல தாலி அறுந்துபோகுது.

நீயே கேளு. மொத நாளு அந்த ஸ்டீரிங்க மேசையில மாட்டுனதும், எலுமிச்சம்பழம் நாலு கொண்டாடீன்னாரு. எதுக்குங்கன்னேன். புது வண்டி எடுக்கறப்ப சக்கரத்துக்கு அடியில பழம் வெச்சு நசுக்கோணுமில்லன்னாரு. மேசைக்கு நாலு காலு, நாலு பழம். மேசை எங்கிருந்து ஓடும்? நானும் மேகலாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, பழத்து மேல எறக்குனோம். மூணு நசுங்குச்சு, ஒண்ணு உருண்டு கட்டிலுக்கு அடியில போயிருச்சு. அதையும் தேடி எடுத்து நசுக்கற வரைக்கும் அந்த மனுசன் ஸ்டீரிங்கத் தொடவே இல்ல.

அன்னாடும் குளிச்சு, திருநீறு வெச்சு, காக்கிச் சட்டையப் போட்டுட்டுத்தான் உக்காருவாரு. உக்காந்ததும் வண்டி எடுத்துருவாருன்னு நெனைக்கறயா? எடுக்க மாட்டாரு. கண்டக்டரு ரைட் சொல்லோணும். யாரு கண்டக்டரு? நாந்தான். அடுப்படியில சோறு வடிச்சிட்டிருப்பேன், கையெல்லாம் கஞ்சி. "மயிலா!"ன்னு ஒரு சத்தம் வரும். "போலாம், ரைட்!"னு இங்கிருந்தே கத்தோணும். பக்கத்து ஊட்டு அக்கா மொதல்ல பயந்தே போயிட்டா, மயிலாத்தாளுக்கு மண்ட கொழம்பிப்போச்சுன்னு.

அப்பறம் இந்த டைமிங். நீ இந்தப் பக்கத்துப் புள்ளையா இருந்தா உனக்கே தெரியும், தனியார் வண்டிக்காரங்களுக்கு டைமிங்குதான் உசுரு. ரெண்டு நிமிசம் லேட்டானா பின்னால வர்ற வண்டிக்காரன் சட்டையப் புடிப்பான். அந்தப் பழக்கத்த இங்கயும் கொண்டாந்துட்டாரு. கேம்ல முன்னாடி ஒரு லாரி ஆமையாட்டப் போகும், இவரு ஆரன் மேல ஆரன் அடிப்பாரு. "டைமிங்கக் கெடுக்கறான் பாரு, தறுதல"ம்பாரு. அவன் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறவனுங்க, அவனுக்கென்ன கலெக்சனா, பேட்டாவா, எதுக்கு அவன்கூடச் சண்டன்னு நான் கேப்பேன். அன்னிக்கு லேட்டாயிட்டா அவருக்குச் சோறே எறங்காது. ஆறிப்போன கொழம்ப மறுக்கா சுட வெச்சு சுட வெச்சு என்ற பொழப்பு ஓடுது.

எந்த ஊரு ரோடா? நம்மூரு இல்ல சாமி. எங்கியோ வெளிநாடு. ஆஸ்திரியான்னு மேகலா சொல்லுவா. ஒரே பனி. மரத்து மேல பனி, ஊட்டு மேல பனி, ரோட்டு ஓரமெல்லாம் மாவக் கொட்டி வெச்சாப்பல கெடக்கும். ஒரு மனுசன நடமாடிப் பாக்க முடியாது. ஆடு மாடு கட்டறதுக்கு ஒரு எடமில்ல, தழ ஒடிக்க ஒரு மரமில்ல. அதுல என்ன இருக்குதுன்னு இவரு ஓட்டறாரோ. மத்தியானம் பாத்திரத்தக் கழுவிக் கவுத்திட்டு, நானும் ஒரு ஸ்டூலப் போட்டுப் பக்கத்துல உக்காந்துக்குவேன். சும்மா, வேற என்ன பண்றது. ஒரு பெரிய ஏரி வரும். ஏரிக்கு அக்கட்டால மஞ்சப் பெயிண்டு அடிச்ச ஊடு ஒண்ணு. மாடியில ஒரே ஒரு சன்னல், அதுல எப்பவும் லைட்டு எரிஞ்சுட்டிருக்கும். அந்த எடம் வந்தா இவரே வண்டிய மெதுவாக்கிருவாரு. "எறங்கறயா மயிலா? உன்ற ஊடு வந்திருச்சு"ம்பாரு. இன்னிக்கு வேண்டாம் போங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்பேன். பைத்தியக்காரத்தனம்தான்.

பல்லடம் வந்திருச்சா? அதுக்குள்ளயா? முறுக்கு வேணுமா உனக்கு? வேண்டாமா. செரி. குண்டடம் தாண்டுனா எனக்கு எப்பவுமே தூக்கம் வந்துரும் அம்மிணி, பேச்சு நின்னு போச்சுன்னா தப்பா நெனைச்சுக்காத. தாராபுரம் வந்தாத் தானா முழிச்சுக்குவேன். பழக்கம். வாராவாரம் குண்டடம் சந்தைக்கு வந்து போறவதான நானு.

ஏன் நெசமான பஸ்ஸ உட்டுட்டாருன்னு கேக்கற. நீ கேப்பயின்னு தெரியும். எல்லாரும் கேக்கறதுதான்.

இதே ரோட்டுல இருவது வருசத்துக்கு மேல ஓட்டுனாரு. ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்துனதில்ல. குண்டடம் தாண்டி ஒரு வளைவு வரும், புளியமரத்து வளைவும்பாங்க. இடது கைப் பக்கம் தோட்டத்துக்குப் போற ஒரு தடம். அதுலிருந்து மொபட்டுல பால் கேன மாட்டிட்டு ஒரு மனுசன் ரோட்டுக்கு ஏறிட்டாரு. பாக்காம ஏறிட்டாரு. இவரு ஸ்டீரிங்க ஒடிச்சாரு, ஒடிச்சும் பட்டுருச்சு. ஆம்புலன்சு வர்றதுக்குள்ள அந்த மனுசன் போயிட்டாரு. கேசு நடந்துச்சு. அந்த மனுசன்தான் குறுக்க வந்தாருன்னு வண்டியில இருந்த சனமே சாட்சி சொல்லிருச்சு. இவர் மேல தப்பில்லைன்னு தீர்ப்பே வந்திருச்சு. மொதலாளி ஊடு தேடி வந்து, வா சென்னியப்பா, சாவி இந்தான்னு நீட்டுனாரு. இவரு கைய நீட்டல. அன்னிக்கு எறங்குனவருதான், அப்பறம் பஸ்ஸுல ஏறவே இல்ல. ஓட்டறதுக்கு இல்ல, உக்காந்து போறதுக்குக் கூட ஏற மாட்டேங்கறாரு. மேகலா கல்யாணத்துக்கு நாங்கெல்லாம் வேன்ல போனோம், இவரு ரயிலப் புடிச்சு வந்து சேந்தாரு. அதனாலதான இன்னிக்கு நான் அலையறேன்.

அன்னிக்கு இவரு ஓடிட்டாரு. அது தப்புக் கெடயாது அம்மிணி, டிரைவருங்க எல்லாருமே அப்படித்தான். கண்டக்டரே சொல்லுவான், ஓடுங்கண்ணா, கூட்டம் சேந்துட்டா அடிச்சே கொன்னு போடுவாங்கன்னு. சோளக்காட்டுக்குள்ள பூந்து ஓடி, ஸ்டேசன்ல போயி உக்காந்துக்கோணும். ஆம்புலன்சு பொறவு வரும், ஆளுங்க பாத்துக்குவாங்க. அதுதான் மொற. இவரும் மொறப்படிதான் ஓடுனாரு. ஓடலீன்னா இன்னிக்கு எனக்குப் புருசன் ஏது?

ஒரே ஒரு தடவ எங்கிட்டச் சொன்னாரு. சோத்துல கைய வெச்சுட்டுச் சொன்னாரு. "தண்ணி கேட்டான் மயிலா. சீட்டுக்குப் பக்கத்துல பாட்டல் இருந்துச்சு. நான் தாண்டிக் குதிச்சு ஓடிட்டேன்." அவ்வளவுதான். மறுக்கா அதப் பத்திப் பேசல, நானும் கேக்கல. எதுக்குக் கேக்கோணும்? ஆறிப்போன புண்ண எதுக்குக் கீறோணும்? அப்பறம் ரெண்டு வருசம் கட்டிலும் அவருமாத்தான் கெடந்தாரு. சவரம் இல்ல, பேச்சு இல்ல. மோட்டு வளையப் பாத்துட்டே படுத்திருப்பாரு. நான் ஒருத்தியே ஆட்டையும் மேச்சு, சந்தைக்கும் போயி, அவருக்கும் ஊட்டி உட்டு... உடு. இந்தப் பனி ரோடு வந்துதான் மனுசன் எந்திரிச்சு உக்காந்தாரு. நான் திட்டறேன்னுதான் பேரு. உள்ளுக்குள்ள அந்த முருகனுக்குத்தான் தெரியும்.

நல்லாத்தான போயிட்டிருந்துச்சு? யாருக்குப் பொறுக்கலையோ. மேகலா போன்ல சொல்றா, அப்பா, நம்மூரு ரோடே இப்பக் கேமா வந்திருக்குதுங்கறா. நம்மாளுங்களே பண்ணியிருக்கறாங்களாம். கோயமுத்தூரு தாராபுரம் ரோடு, ஒரு ஸ்டாப்பு உடாம. பல்லடம் பஸ் ஸ்டாண்டு இருக்குதாமா, சூலூரு பேக்கரி இருக்குதாமா. அதக் கேட்டதும் எங்கூட்டுக்காரரு மொகத்தப் பாக்கோணுமே நீ. சிரிப்புமில்ல, அழுவையுமில்ல. "குண்டடம் இருக்குதா?"ன்னு கேட்டாரு. இருக்குதுங்கப்பான்னா. "குண்டடத்துக்கு இக்கட்ட, நம்ம பக்கம்?" எல்லாம் இருக்குதுங்கப்பா, வளைவெல்லாம் அப்படியே இருக்குதுன்னா. அந்தப் புள்ளைக்குப் புத்தி இருக்குதா பாரு.

அந்த ரோட்டுல இவரு மறுக்கா வண்டி ஓட்டுனா என்ன ஆவறது? கேமுதான், செரி. டைமிங் போச்சுன்னாலே சோறு திங்காத மனுசன் அந்த வளைவத் தாங்குவாரா? மறுக்காக் கட்டில்ல போயிப் படுத்துக்கிட்டா, யாரு எழுப்பறது? பெங்களூருல இருந்துட்டு மேகலா எழுப்புவாளா? நாந்தான எழுப்போணும்? எனக்கு அந்தத் தெம்பெல்லாம் இப்ப இல்ல சாமி. தீந்துபோச்சு.

நல்லவேளை, கம்ப்யூட்டர்ல எடமில்ல. பழைய டிஸ்க்கு ரொம்பிப் போச்சு. அதுபோக அதுல டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் வேற. இவரு பொட்டியில காத வெச்சுக் கேட்டுப்போட்டு, பேரிங்கு போச்சு, இது ரொம்ப தூரம் ஓடாதுன்னுட்டாரு. மேகலாவும் அதத்தான் சொன்னா, அந்த டிஸ்க்கு சாகப்போகுது, புதுசு ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் மாத்திரலாம், ஞாயித்துக்கிழம நான் வந்து மாட்டித் தர்றேன்னு. பெருசா வாங்கும்மா, ஒரு டிபி எடம் இருக்கறதா வாங்குன்னா. அதுல பனி ரோடும் புடிக்குமாமா, நம்ம ரோடும் புடிக்குமாமா. ரொம்ப வெலையெல்லாம் இல்லம்மா, கேம் வெக்கறதுக்குச் சாதாரணமானதே போதும்னு சொன்னா.

செரீன்னு கெளம்பி வந்தேன். கோயமுத்தூரு நூறடி ரோட்டுல ஒரு கடை. கண்ணாடி போட்ட ஒரு ஆளு, காதுல போன வெச்சுப் பேசிட்டே என்னயும் பாத்துக்கிட்டான். கேம் போட்டு வெக்க டிஸ்க்கு வேணும், கொறஞ்ச வெலையில காட்டுங்கன்னேன். என்ன கேம்மான்னான். பஸ் ஓட்டறதுன்னேன். உங்களுக்கான்னு கேட்டுச் சிரிக்கறான். ஆமா, எனக்குத்தான், எடுத்து வையின்னேன்.

மூணு எடுத்து வெச்சான். ஒண்ணு பெருசு, செங்கல்லாட்டக் கனம். ஒரு டிபி, ஆனா வேற எங்கியோ சிசிடிவி கேமராவுல ஓடிக் கழட்டுனதாமா. வெல பாதிதான். கையில எடுத்துப் பாத்தேன், யாரு ஊட்டுக் களவாணிய இது ராவும் பகலும் பாத்துட்டு இருந்துச்சோ, எனக்குப் புடிக்கல, வெச்சுட்டேன். இன்னொண்ணு அதே பெருசு, புதுசு. மூணாவது இத்துனூண்டு, தீப்பெட்டி ரெண்ட ஒட்டி வெச்சாப்பல. இது என்னங்க இவ்வளவு சிறுசுன்னு கேட்டேன். இது உள்ள எதுவுமே சுத்தாதும்மா, சத்தம் வராது, கீழ விழுந்தாக் கூடச் சட்டுனு ஒண்ணும் ஆவாது, வேகம் ஜாஸ்தி, தொட்டதும் கேம் தொறந்துக்கும். ஆனா எடம் கம்மி, பெருசுல நாலுல ஒரு பங்குதான் இருக்கும்னான்.

நெசத்தச் சொல்லோணும், அந்த ஆளு நல்ல விதமாத்தான் எடுத்துச் சொன்னான். கேம் சேத்து வெக்கறதுக்குன்னா உங்களுக்குப் பெருசுதாங்க செரி, தொறக்கறதுக்குச் சித்த நேரம் ஆவும், அவ்வளவுதான், ரெண்டும் ஏறக்கொறைய ஒரே வெலதான், ஆனா இதுல தாராளமா அஞ்சாறு கேம் கெடக்கும். சின்னதுல பெரிய கேம் ஒண்ணு போட்டாலே முக்காவாசி போயிரும். பெருசே எடுத்துக்குங்கன்னான். மறுபடி மறுபடி சொன்னான்.

ஒண்ணு போட்டாலே முக்காவாசி போயிரும்னு சொன்னான் பாரு, அப்பத்தான் எனக்கு ரோசன வந்துச்சு. சின்னத வாங்கிட்டுப் போனா என்ன ஆவும்? இப்ப ஓடிட்டிருக்கற பனி ரோடு அதுல உக்காந்துக்கும். நம்ம ரோட்டுக்கு எடமிருக்காது. யாரு மேலயும் பழி இல்ல. நான் வேண்டாம்னு சொல்லல, எடம் பத்தல. சத்தமும் வராது, டொக்கு டொக்குன்னு கேட்டு அவரு வெசனப்படவும் வேண்டாம். சின்ன டிஸ்க்கே போதும், கட்டிக் குடுங்கன்னேன். அந்த ஆளு ஒரு மாதிரி பாத்தான். பாக்கட்டும், எனக்கென்ன. அவனா வந்து எங்கூட்டுல ரெண்டு வருசம் சோறு ஊட்டி உட்டான்?

புத்திசாலித்தனமான வேலையில்ல? சொல்லு. எதயும் நேராச் சொன்னா அந்த மனுசனுக்கு மூக்குல கோவம் வந்துரும். பொம்பள நாமதான் இப்படி ஏதாச்சும் பண்ணிப் பொழப்ப ஓட்டோணும். அவரால அதத் தாங்க முடியாது அம்மிணி. எனக்குத்தான் தெரியும் அவரப் பத்தி.

இரு, போனு. அவருதான். ஆயுசு நூறு.

ஹலோ... ஆமாங்க, ஏறிட்டனுங்க. பல்லடம் தாண்டியாச்சு... வாங்கிட்டனுங்க... இல்லீங்க, சின்னதுதான். பெருசு இல்லைன்னுட்டாங்க... ஆமாங்க, எல்லாக் கடையிலயும் கேட்டுப் போட்டனுங்க... ம்... ம்... எத? அத எதுக்குங்க அழிக்கோணும்? இல்லீங்க, அது பாட்டுக்கு அது இருக்கட்டுமே... செரி, செரி, சத்தம் போடல... எங்க? என்ன மரம்? ...அது வந்துங்க... கேக்கலீங்க, சிக்னல் இல்ல. ஹலோ? ஹலோ?

சிக்னலெல்லாம் இருக்குது. நாந்தான் கட் பண்ணிட்டேன்.

சித்த இரு அம்மிணி, இந்தப் போன மொதல்ல பைக்குள்ள போட்டுக்கறேன்.

என்ன சொல்றாரு தெரியுமா? சின்னதா, செரி உடு, அதுவே போதும்ங்கறாரு. பனி ரோட்ட அழிச்சுப் போடலாமாமா. மேகலா வர்ற வரைக்கும் கூடப் பொறுக்க வேண்டாம், இப்பவே அழிச்சுட்டா வேல மிச்சம்னு சொல்றாரு. "எனக்கு நம்ம ரோடு ஒண்ணு இருந்தாப் போதும் மயிலா, மத்ததெல்லாம் எதுக்கு"ங்கறாரு. எவ்வளவு லேசாச் சொல்லிட்டாரு பாரு! அந்த ஏரி, அந்த மஞ்ச ஊடு... அது என்ற ஊடுன்னு அவரு வாயாலதான சொன்னாரு? அன்னாடும் நாளைக்கு எறங்கிக்கறேன், நாளைக்கு எறங்கிக்கறேன்னு சொல்லிட்டு ஒரு நாளுகூட எறங்கல நானு. பெருச வாங்கியிருந்தா அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடந்திருக்குமே. அந்தக் கடைக்காரன் தலபாடா அடிச்சுக்கிட்டான், நான் கேட்டனா? எனக்கு அழுவாச்சியா வருது. கேமுக்கு அழுவறான்னு யாரும் பாக்கறாங்களா? பாத்தாப் பாக்கட்டும்.

அது கூடப் பரவால்ல. இன்னொண்ணு கேட்டாரு பாரு.

மேகலா அந்தக் கேம்ல வர்ற வளைவப் படம் புடிச்சு அவருக்கு அனுப்பிச்சிருக்கறா. அதுல தடத்து மொனையில ரெண்டு புளியமரம் போட்டிருக்கறாங்களாம். அவருக்கு ஒண்ணுன்னு ஞாவகமாம். "நீதான வாராவாரம் அந்த வழியில போறவ, உனக்குத் தெரியாததா? சொல்லு மயிலா, ஒண்ணா ரெண்டா?"ங்கறாரு. செரியா இருந்தாத்தான் அங்க வண்டிய ஓரங்கட்டி நிறுத்த முடியுமாம். நிறுத்திட்டு எறங்க முடியாது, அது கேம்ல இல்ல, இருந்தாலும் சித்த நேரம் நிறுத்தி வெக்கோணுமாம். அன்னிக்கு நிக்காதவன், இன்னிக்காச்சும் நின்னுக்கறேன்னு சொல்றாரு. கொரலு நடுங்கவே இல்ல அம்மிணி. நல்ல தெளிவாப் பேசறாரு. தூங்கி எந்திரிச்ச மனுசனாட்டப் பேசறாரு.

எனக்குத் தெரியாது.

மரம் ஒண்ணா ரெண்டான்னு எனக்குத் தெரியாது. வாராவாரம் சந்தைக்குப் போறேன், வர்றேன், ஒரு நாளுகூடத் தலயத் திருப்பிப் பாத்ததில்ல. உள்பக்கத்துச் சீட்டுல உக்காந்து கண்ண மூடிக்குவேன். சன்னலோரத்துச் சீட்டு காலியாக் கெடந்தாலும் உக்கார மாட்டேன். காத்தாவது, தலவலியாவது. கண்ண மூடிட்டு முருகா முருகான்னு சொல்லிட்டே இருப்பேன், தாராபுரத்துல கண்டக்டரு எழுப்புனாத்தான் தொறப்பேன். அவரு தாங்க மாட்டாரு, அவரு தாங்க மாட்டாருன்னு ஊரெல்லாம் நாந்தான் சொல்லிட்டுத் திரியறேன்.

இது எந்த ஊரு? குண்டடமா? ஆமா, சந்தப்பேட்டை தெரியுது. அப்ப இன்னும் கொஞ்சந்தான்.

அம்மிணி, சித்த எந்திரி. சன்னலோரம் நான் உக்காந்துக்கறேன். ஆமா, நாந்தான் வேண்டாம்னேன், இப்ப வேணும். இந்தப் பைய நீ மடியில வெச்சுக்க. நல்லாப் புடிச்சுக்க, ஒண்ணும் ஆவாதுன்னுதான் சொன்னான், இருந்தாலும் புடிச்சுக்க. டிரைவருகிட்ட மெதுவாப் போகச் சொல்லட்டுமா? வேண்டாம், அவருக்கு டைமிங் போயிரும், பாவம்.

என்ற கையப் புடிச்சுக்கறயா? சில்லுன்னு இருக்குதுல்ல. பரவால்ல, புடிச்சுக்க. நான் கண்ண மூடுனா ஒரு கிள்ளு கிள்ளு.

இதா... இதா வந்திருச்சு.

...

போனு எங்க? எடு, எடு. எனக்குக் கண்ணு தெரியல, நீயே போடு. மேல இருக்கறதுதான் அவரு நம்பரு.

ஏனுங்... நாந்தானுங்க. பாத்தனுங்க. மரம் ஒண்ணுதானுங்க. உங்களுக்கு நல்லா ஞாவகம் இருக்குது, ஒண்ணேதான்... கேம்ல தப்பாத்தான் போட்டிருக்கறாங்க... ம்... மரத்தடியிலயா? இருக்குதுங்க... நீலக் கலர் டிரம்மு ஒண்ணு வெச்சிருக்கறாங்க. கொழா போட்டது. மேல யாரோட நெனைவாவோ பேரு எழுதியிருக்குது, படிக்கறதுக்குள்ள வண்டி தாண்டிருச்சுங்க...

இல்லீங்க, பால் டிரம்மு இல்ல. தண்ணிங்க. போறவங்க வர்றவங்க குடிக்கறதுக்கு... ஆமாங்க. சங்கிலி போட்டு ஒரு டம்ளரும் வெச்சிருக்கறாங்க.